அத்தியாயம் 7: சொந்தபந்தம் கூடும் நாளுக்கு ஸ்லோ குக்கர் சீஸ் உருளை

தை முதல் நாள் அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு. பழங்காநத்தத்தில் வீடு இருப்பவர்களுக்கு அன்று எத்தனை பேருக்குச் சமைப்பது என்பது காலை பத்து மணி வரை தெரியாது. வாடிவாசலுக்குப் போகிறவர்கள் விடியற்காலையிலேயே வந்து வண்டியை நம் வாசலில் நிறுத்திவிட்டுப் போவார்கள். திரும்பும்போது பசியோடு வருவார்கள். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளிலும் இதே கதைதான். திருப்பரங்குன்றத்தில் முகூர்த்தம் முடித்து டி.பி.கே. ரோடு வழியாகத் திரும்புகிற உறவுகளும் ரவுண்டானா வந்ததும், "இம்புட்டுத் தூரம் வந்துட்டு அத்தை வீட்டுக்குப் போகாம எப்படி?" என்று வண்டியைத் திருப்புவார்கள்.

இப்படிப்பட்ட நாளில் சமைக்கிறவருக்கு வரும் முதல் சிக்கல் கைப்பக்குவம் அல்ல, அடுப்பில் இடம். மூன்று பர்னரில் ஒன்றில் சோறு, ஒன்றில் கறிக்குழம்பு, மூன்றாவதில் ரசமோ பாயசமோ ஏறிவிடும். கறி சாப்பிடாதவர்களுக்கும் காரம் தாங்காத பிள்ளைகளுக்கும் இன்னொரு பண்டம் வேண்டும். அதற்கு அடுப்பு இல்லை, கிளறிக்கொண்டிருக்க ஆளும் இல்லை. ஸ்லோ குக்கர் சீஸ் உருளை அந்த இடத்தை நிரப்புகிறது. அதற்குத் தேவை ஒரு பிளக் பாயிண்டும் காலையில் ஒன்றேகால் மணி நேர வேலையும்தான். மற்றதைப் பானை பார்த்துக்கொள்ளும்.

ஆனால் பானை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளாது. கிழங்கைப் பாதி வேகவைத்துத்தான் பானையில் போட வேண்டும். புளிப்பு எதுவும் முதலில் சேரக் கூடாது. சீஸ் கடைசியில்தான் விழ வேண்டும். இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டால் மற்ற அளவுகளில் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பண்டம் கெடாது. ஏன் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

எங்கிருந்து வந்த பண்டம்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மார்மன் சபையினர் துக்க வீட்டுக்குச் சமைத்து எடுத்துப்போகும் உருளைக்கிழங்குப் பண்டம் ஒன்று உண்டு. துருவிய உருளை, டப்பாவில் வரும் கெட்டி சூப், புளித்த கிரீம், செடார் சீஸ், மேலே நொறுக்கிய கார்ன்ஃபிளேக்ஸ். 2002-இல் சால்ட் லேக் சிட்டியில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது சட்டையில் குத்திக்கொள்ளும் நினைவுச் சின்னமாகக்கூட இந்தப் பண்டம் வந்தது. துக்க வீட்டுப் பண்டத்தை நம் வீட்டுக் காதுகுத்துக்குச் செய்வதா என்று சகுனம் பார்க்க வேண்டாம். அங்கேயே ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் அதைச் செய்கிறார்கள். கூட்டத்துக்குச் சமைத்த பண்டம் என்பதுதான் நமக்கு முக்கியம்.

ஸ்லோ குக்கருக்கும் ஒரு வீட்டுக் கதை இருக்கிறது. லித்துவேனியாவின் வில்னா நகரத்தில், யூதர்கள் ஓய்வு நாளில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்பதால், முந்தின மாலையே பானையை ரொட்டிக் கடை அடுப்பில் வைத்துவிட்டு மறுநாள் எடுத்துச் சாப்பிடுவார்கள். தாய் சொன்ன இந்தச் செய்தியிலிருந்துதான் சிகாகோவின் இர்விங் நாக்சன் மின்சாரப் பானை ஒன்றை உருவாக்கினார். 1940-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1970-இல் ரைவல் நிறுவனம் அதை வாங்கி, 1971-இல் 'க்ராக்-பாட்' என்ற பெயரில் கடைக்குக் கொண்டுவந்தது. இதற்கெல்லாம் முன்பே, 1910-இல், வங்காளத்து மருத்துவர் இந்துமாதவ மல்லிக் 'இக்மிக் குக்கர்' செய்துவிட்டார். அடியில் கரி நெருப்பு, மேலே அடுக்குப் பாத்திரங்கள், நடுவில் நீராவி; வைத்துவிட்டு வேலைக்குப் போய்வரலாம். ஸ்லோ குக்கர் இல்லாத வீட்டில் என்ன செய்வது என்று பின்னால் வரும் பகுதியில் இந்த யோசனை நமக்கு உதவும்.

பானை

25 பேருக்குத் தொட்டுக்கொள்ள என்றால் 6 லிட்டர் பானை வேண்டும். உள்ளே இருப்பது கனமான பீங்கான் பாத்திரம். அதைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் 200 முதல் 300 வாட் வரைதான் இழுக்கும். 250 வாட் பானை மூன்று மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட் ஆகாது. பெரும்பாலான பானைகளில் லோ, ஹை, வார்ம் என்று மூன்று நிலைகள். ஹையில் வைத்தால் லோவைவிட அதிகமாகக் கொதிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் கடைசியில் போய்ச் சேருவது கிட்டத்தட்ட ஒரே சூட்டுக்குத்தான், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே. ஹை சீக்கிரம் சேரும், லோ மெதுவாகச் சேரும். வார்ம் என்பது சமைப்பதற்கு அல்ல. சமைத்ததைச் சூடாக வைத்திருப்பதற்கு.

அமெரிக்காவிலிருந்து மகனோ மருமகளோ கொண்டுவந்த பானை என்றால் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டை முதலில் பாருங்கள். 120 வோல்ட் என்று இருந்தால் நம் 230 வோல்ட் பிளக்கில் நேரடியாகச் சொருகவே கூடாது. அப்படிச் செய்தால் 250 வாட் பானை 900 வாட்டுக்கு மேல் இழுக்கும். சில நிமிடத்தில் கருகும் வாடை வரும், பானை போய்விடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் 500 வாட் தாங்குவதாக இருந்தால் பயன்படுத்தலாம். புதிதாக வாங்குவதென்றால் நம் மின்சாரத்துக்கு ஏற்றதையே வாங்குவது நல்லது.

விசேஷ நாளைக் குறிக்கும்போதே மாதாந்திர மின்தடை அறிவிப்பையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் பகுதிகளைச் செய்தித்தாளில் முன்கூட்டியே போடுகிறார்கள். அறிவிக்காமல் மின்சாரம் போனால் பதற வேண்டாம். மூடியைத் திறக்காமல் விட்டால் பீங்கான் பானை அரை மணி நேரம் சூட்டைத் தாங்கும். அதற்கு மேல் ஆனால் பண்டத்தை அடிகனமான பாத்திரத்துக்கு மாற்றிக் கேஸ் அடுப்பில் வைத்துச் சூடாக்குங்கள். பீங்கான் பானையை அப்படியே கேஸில் ஏற்றாதீர்கள், விரிசல் விடும்.

கிழங்கு

பழங்காநத்தம் உழவர் சந்தை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில்தான் திறந்தார்கள். பிறகு ஊரின் மற்ற பகுதிகளுக்கும் வந்தது. காலையில் சீக்கிரம் போனால் கிழங்கைப் பொறுக்கி எடுக்கலாம். வாசல் விலைப் பலகையைப் பார்த்துவிட்டே உள்ளே போங்கள்.

மதுரைக்குக் கிழங்கு இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது. ஒன்று மலைக்கிழங்கு: ஊட்டி, கொடைக்கானல். மண் ஒட்டியிருக்கும், தோல் மெல்லிசாக இருக்கும், விலை கொஞ்சம் கூடுதல். மற்றது வடக்கே விளைந்து குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு லாரியில் வரும் கிழங்கு. கடுங்குளிரில் கிடந்த கிழங்கில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அதனால்தான் சில கிழங்கு பொரியலில் சீக்கிரம் கருகி, வாயில் இனிக்கிறது. வீட்டிலும் உருளையை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே. நீலகிரியில் முத்தோரையில் 1957 முதல் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1968-இல் வெளியான குஃப்ரி ஜோதி ரகம் இன்றும் மலை விவசாயிகளுக்குத் தெரிந்த பெயர். ஆனால் சந்தையில் ரகம் கேட்டு வாங்க முடியாது. கையால்தான் பார்த்து வாங்க வேண்டும்.

நமக்கு வேண்டியது வெந்தாலும் உருவம் மாறாத கிழங்கு. மாவாக உதிரும் கிழங்கு போண்டாவுக்கும் மசாலா தோசைக்கும் சரி. மூன்று மணி நேரம் பானையில் கிடந்தால் கூழாகிவிடும். எது எது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். 11 டம்ளர் தண்ணீரில் 1 டம்ளர் உப்பைக் கரைத்துக் கிழங்கைப் போடுங்கள். மிதந்தால் உருவம் நிற்கும் கிழங்கு. மூழ்கினால் மாவுக்கிழங்கு. சந்தையில் முதலில் கால் கிலோ மட்டும் வாங்கிவந்து சோதித்துவிட்டு, மறுநாள் அதே கடையில் மொத்தமாக வாங்குகிறவர்கள் உண்டு.

பச்சை படர்ந்த கிழங்கும் முளை நீண்ட கிழங்கும் வேண்டாம். வெளிச்சம் பட்டுப் பச்சையான இடத்தில் சோலனைன் என்ற நச்சு சேர்கிறது, வேகவைத்தாலும் அது போகாது. ஓரத்தில் லேசாகப் பச்சை என்றால் ஆழமாக வெட்டி எறியலாம். முழுக்கப் பச்சை என்றால் குப்பைக்குத்தான்.

சீஸ்

இந்தப் பண்டத்துக்குச் சிறந்தது எல்லா மளிகைக் கடையிலும் கிடைக்கும் சாதாரணப் பதப்படுத்திய சீஸ். விலை உயர்ந்த சீஸ் வாங்கினால் நன்றாக வரும் என்று நினைப்பது சரியல்ல. இயற்கையான செடார் நீண்ட நேரம் சூட்டில் இருந்தால் புரதம் திரண்டு, கொழுப்பு எண்ணெயாகப் பிரிந்து மேலே மிதக்கும். பதப்படுத்திய சீஸில் சோடியம் சிட்ரேட் போன்ற உப்புகளைச் சேர்த்திருப்பார்கள். அவை கொழுப்பையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். சூட்டில் மூன்று மணி நேரம் கிடக்கும் பானைக்கு அதுதான் ஏற்றது. கட்டியாக வாங்கித் துருவுங்கள். துருவிப் பையில் அடைத்து வருவதில் துகள் ஒட்டாமலிருக்க மாவு தூவியிருப்பார்கள், அது உருகும்போது சற்று மணலாக இருக்கும்.

கொடைக்கானலிலும் குன்னூரிலும் நல்ல சீஸ் செய்கிறார்கள். அதை வாங்கினால் மேலே தூவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இழுத்தால் நூலாக வரும் மொசரெல்லாவும் அப்படியே, மேலே போட மட்டும். அதற்குச் சொந்தச் சுவை குறைவு. சைவம் மட்டும் சாப்பிடுகிற உறவினர் பந்தியில் இருந்தால், பால் திரிக்கச் சேர்க்கும் ரென்னெட் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்ததா, நுண்ணுயிரிலிருந்து எடுத்ததா என்று பார்க்க வேண்டும். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் போதும்.

தேவையானவை (6 லிட்டர் பானை, தொட்டுக்கொள்ள 20 முதல் 25 பேர்)

- உருளைக்கிழங்கு – இரண்டரை கிலோ
- பதப்படுத்திய சீஸ் – 400 கிராம், துருவியது
- கொழுப்பு நிறைந்த பால் – 1 லிட்டர், காய்ச்சியது
- வெண்ணெய் – 75 கிராம்
- மைதா – 75 கிராம்
- பெரிய வெங்காயம் (பல்லாரி) – 3, பொடியாக நறுக்கியது
- மலைப்பூண்டு – 12 பல், தட்டியது
- பச்சை மிளகாய் – 4, கீறி விதை எடுத்தது
- மிளகு – 2 டீஸ்பூன், கொரகொரப்பாக இடித்தது
- ஜாதிக்காய்த் தூள் – ஒரு சிட்டிகை
- கெட்டித் தயிர் – 1 கப், துணியில் கட்டி நீர் வடித்தது
- கறிவேப்பிலை, மல்லித்தழை – கைப்பிடி
- உப்பு – கிழங்கு வேகும் தண்ணீருக்கு மட்டும் முதலில், மற்றது கடைசியில்
- மேலே தூவ: சாத்தூர்க் காரச்சேவு 100 கிராம், அல்லது பொரித்த அப்பளம் 6

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரமும் வாசமும் அதிகம். சமவெளிப் பூண்டு என்றால் இன்னும் ஐந்தாறு பல் கூட்டிக்கொள்ளுங்கள். பூண்டு வெங்காயம் சேர்க்காத நாளில் இரண்டையும் விட்டுவிட்டு, வெண்ணெயில் பெருங்காயம் பொரித்து, மிளகைக் கொஞ்சம் கூட்டினால் போதும்.

3 அல்லது 3½ லிட்டர் பானைக்கு எல்லாவற்றிலும் பாதி. பானையில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், ஓரம் வழிந்து கருகும். பாதிக்குக் கீழேயும் வேண்டாம், ஓரமெல்லாம் காய்ந்துவிடும்.

செய்முறை

1. கிழங்கைப் பாதி வேகவைத்தல். தோல் சீவி, இரண்டு சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, வெட்ட வெட்டத் தண்ணீரில் போடுங்கள், கறுக்காது. பிறகு இரண்டு முறை அலசி, மூழ்குமளவு பச்சைத் தண்ணீரில் மூன்று டீஸ்பூன் உப்புப் போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கொதி வந்ததிலிருந்து ஆறேழு நிமிடம். கத்தி முனையைக் குத்தினால் உள்ளே போக வேண்டும், ஆனால் நடுவில் லேசாகத் தடுக்க வேண்டும். அதுதான் பதம். வடிதட்டில் கொட்டி ஐந்து நிமிடம் ஆவி போகவிடுங்கள். ஈரம் போகாமல் பானையில் போட்டால் சாஸ் நீர்த்துவிடும்.

பச்சையாகவே போட்டால் என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஸ்லோ குக்கர் மெதுவாகச் சூடேறும். கிழங்கு 55 முதல் 75 டிகிரி வரையிலான சூட்டில் நீண்ட நேரம் கிடக்கும். அந்தச் சூட்டில் கிழங்கிலுள்ள ஒரு நொதி வேலை செய்து, செல்களை ஒட்டவைக்கும் பெக்டினை இறுக்கிவிடும். பிறகு எத்தனை மணி நேரம் வைத்தாலும் நடுவில் நறுக்கென்று இருக்கும். முதலிலேயே அடுப்பில் கொதிக்கவைத்து எடுத்தால் அந்தச் சிக்கல் இல்லை.

2. வெள்ளை சாஸ். டப்பா சூப்புக்குப் பதில் இது. அடிகனமான கடாயில் வெண்ணெயை உருக்கி, வெங்காயத்தையும் பூண்டையும் மிளகாயையும் நிறம் மாறாமல் வதக்குங்கள். கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு, மைதாவைத் தூவி, சிறு தீயில் இரண்டு நிமிடம் கிளறுங்கள். பச்சை மாவு வாசம் போய்ப் பிஸ்கட் வாசம் வரும். காய்ச்சிய பாலைச் சூடாகவே மூன்று தவணையாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் கட்டி இல்லாமல் கலக்குங்கள். கரண்டியின் பின்புறத்தில் படிந்து, விரலால் கோடு இழுத்தால் கோடு அழியாமல் நிற்க வேண்டும். மிளகும் ஜாதிக்காயும் இப்போது. உப்பு வேண்டாம், சீஸில் போதுமான உப்பு இருக்கிறது.

3. பானையில் சேர்த்தல். சாஸ் காயும்போதே ஸ்லோ குக்கரை ஹையில் போட்டுவிடுங்கள். பானையின் உள்பக்கம் அடியிலும் ஓரத்திலும் வெண்ணெய் தடவி, கிழங்கைப் போட்டு, கொதிக்கும் சாஸை மேலே ஊற்றி, மரக்கரண்டியால் ஒரே ஒரு முறை அடியிலிருந்து புரட்டி மூடுங்கள். சூடான பானையில் சூடான சாமான் சேர்வது முக்கியம். பாலும் கிழங்கும் வெதுவெதுப்பில் மணிக்கணக்கில் கிடந்தால் கெட்டுப்போகும். நம் ஊர் வெயிலில் அது இன்னும் சீக்கிரம்.

4. இரண்டு மணி நேரம். ஹையில் இரண்டு மணி நேரம், லோ என்றால் மூன்றரை முதல் நான்கு. இடையில் மூடியைத் திறக்கக் கூடாது. ஒரு முறை திறந்தால் உள்ளே நிற்கும் ஆவி மொத்தமும் போய்விடும். பானை பழைய சூட்டுக்கு வர 15, 20 நிமிடம் ஆகும்.

விசேஷ வீட்டில் இதைக் காப்பாற்றுவதுதான் கடினம். கம்மென்று வாசம் வரும்போது அடுப்படிக்கு வருகிற ஒவ்வொருவரும் மூடியைத் தூக்கிப் பார்ப்பார்கள். "மதினி, அதத் தொறக்காதீங்க, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு" என்றால், "சும்மா பாத்தேன்ப்பா" என்பார்கள். அப்பத்தா வந்தால் ஒன்றும் சொல்ல முடியாது, "அடி பிடிச்சிருக்கப் போகுது, கிண்டி விட வேணாமா?" என்று கரண்டியையே எடுத்துவிடுவார். சூடு சுற்றிலுமிருந்து மெதுவாக வருவதால் இது அடுப்பில் வைத்த பானை போல அடி பிடிக்காது என்று அவருக்குச் சொல்லிப் புரியவைப்பதைவிட, பானையை அடுப்படிக்கு வெளியே, பெட்ரூமில் ஒரு பிளக்கில் வைத்துவிடுவது எளிது. கீழே மரப்பலகை போடுங்கள். சிறுபிள்ளைகள் ஒயரை இழுக்காதபடி சுவரோரமாக வையுங்கள்.

5. சீஸ். இரண்டு மணி நேரம் கழித்துக் கிழங்கு நன்றாக வெந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, 300 கிராம் சீஸை இரண்டு கைப்பிடியாகத் தூவிக் கிளறுங்கள். மீதி 100 கிராமை மேலே பரப்புங்கள். மூடும் முன்பு ஒரு சுத்தமான தேங்காய்ப்பூத் துண்டைப் பானையின் வாயில் விரித்து, அதன் மேல் மூடியை வைத்து, தொங்கும் நுனிகளை மூடி மேலே எடுத்துப் போடுங்கள். துணி கம்பிச்சுருள் பக்கம் தொங்கக் கூடாது. மூடியில் கோக்கும் தண்ணீர் சீஸ் மேல் சொட்டாமல் துண்டு உறிஞ்சிக்கொள்ளும். ஹையிலேயே 40 நிமிடம்.

6. தயிரும் உப்பும். வார்முக்கு மாற்றிய பிறகு, நீர் வடித்த தயிரைக் கரண்டியால் அடித்து, பானையிலிருந்து இரண்டு கரண்டி சூடான சாஸை அதில் கலந்து, பிறகு பானையின் ஓரமாக ஊற்றி மெதுவாகப் புரட்டுங்கள். இப்போது உப்புப் பார்த்துத் தேவையானால் போடுங்கள். தயிரை முதலிலேயே ஊற்றினால் இரண்டு கேடு: தயிர் திரியும், புளிப்பு கிழங்கை வேகவிடாது. புளிக்குழம்பில் கிழங்கை வேகவைத்த பிறகே போடுகிறோம் அல்லவா, அதே காரணம்தான். தக்காளி, எலுமிச்சை எதுவும் இதே கணக்கு.

7. மேலே தூவல். காரச்சேவையோ அப்பளத்தையோ கையால் நொறுக்கி, பரிமாறும் நேரத்தில் மல்லித்தழையோடு தூவுங்கள். முன்பே போட்டால் நமத்துவிடும். அமெரிக்கர்களின் கார்ன்ஃபிளேக்ஸைவிட சாத்தூர்ச் சேவின் காரமும் பூண்டு வாசமும் சீஸுக்குப் பொருந்துகிறது என்பது என் தீர்ப்பு. பிள்ளைகளுக்கு அப்பளமே போதும்.

மதியம் ஒரு மணிப் பந்திக்கு நேரக் கணக்கு

- முந்தின நாள் மாலை: கிழங்கு சோதித்து வாங்குதல், சீஸ் துருவி ஃபிரிட்ஜில் வைத்தல், தயிரைத் துணியில் கட்டி ஃபிரிட்ஜில் தொங்கவிடுதல்
- காலை 8.30: தோல் சீவி வெட்டுதல், வேகவைத்தல்
- 9.15: வெள்ளை சாஸ், பானையை ஹையில் போடுதல்
- 9.45: எல்லாம் பானையில், மூடி
- 11.45: சீஸ், துண்டு
- 12.25: வார்ம், தயிர், உப்பு
- 1.00: தூவிப் பரிமாறுதல்

காலை 9.45-க்குப் பிறகு அடுப்பு முழுக்கக் குழம்புக்கும் சோற்றுக்கும். கூட்டம் தாமதமானாலும் கவலை இல்லை, வார்மில் இரண்டு மணி நேரம் நிற்கும். அதற்கு மேல் ஓரம் காயும், கிழங்கு கரையும். வார்மில் பண்டம் 60 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. சமையல் வெப்பமானி இல்லாவிட்டால், ஒரு கரண்டி எடுத்து ஊதாமல் வாயில் வைக்க முடியாத சூடு இருக்கிறதா என்று பாருங்கள்.

மீதமானால் அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். பீங்கான் பானையோடு தூக்கி உள்ளே வைத்தால் நடுப்பகுதி ஆறவே பாதி ராத்திரி ஆகிவிடும். மறுநாள் அடுப்பில் நன்றாகச் சூடாக்கிச் சாப்பிடலாம். தோசை நடுவில் வைத்து மடித்தால் பிள்ளைகள் இன்னொன்று கேட்பார்கள். திரும்பச் சூடாக்கும் வேலைக்கு ஸ்லோ குக்கரைப் பயன்படுத்தாதீர்கள், மெதுவாகச் சூடேறுவது இங்கே ஆபத்து.

ஸ்லோ குக்கர் இல்லாவிட்டால்

இட்லிப் பானை போதும். அடியில் தண்ணீர் ஊற்றி, உள்ளே பாத்திரம் உட்கார ஒரு வளையம் வைத்து, அதன் மேல் கிழங்கும் சாஸும் உள்ள பாத்திரத்தை மூடி வையுங்கள். சிறு தீயில் ஒரு மணி நேரம். தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இக்மிக் குக்கரின் வேலையும் இதுதான். பால் சாஸ் அடி பிடிக்கவே பிடிக்காது, ஆனால் ஒரு பர்னர் போய்விடும். பிரியாணிக்குத் தம் போடுவது போலத் தோசைக்கல்லின் மேல் அடிகனமான பாத்திரத்தை வைத்துச் செய்வது இன்னொரு வழி. அதில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அடியைப் புரட்ட வேண்டும். மின்சார ரைஸ் குக்கரில் சமைக்க முயல வேண்டாம், பால் பொங்கி வழியும். அடுப்பில் முழுக்க முடித்த பண்டத்தைச் சூடாக வைத்திருக்க அதன் வார்ம் நிலை உதவும். பந்தி நேரம் வரை ஹாட் பாக்ஸும் உதவும்.

தவறினால் சரிசெய்ய

நீர்த்துவிட்டால்: துண்டையும் மூடியையும் எடுத்துவிட்டு ஹையில் 20 நிமிடம் வையுங்கள். நேரமில்லை என்றால் இரண்டு ரஸ்க்கைப் பொடித்துச் சேருங்கள்.

மேலே எண்ணெய் மிதந்தால்: சூடான பால் அரை டம்ளர் ஊற்றி, ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்லக் கிளறுங்கள். பெரும்பாலும் சேர்ந்துவிடும். சேராவிட்டால் கரண்டியால் வழித்து எடுத்துவிடுங்கள், சுவை குறையாது.

உப்பு கரித்தால்: உப்பில்லாமல் வேகவைத்த கிழங்கு அரை கிலோவும் ஒரு டம்ளர் பாலும் சேர்ப்பது ஒன்றே வழி.

கிழங்கு கூழானால்: மத்தால் முழுவதும் மசித்து, மேலே சேவு தூவி மசியலாகவே பரிமாறுங்கள். வந்தவர்களுக்கு அது தவறியது என்று தெரியாது, நீங்களும் சொல்ல வேண்டியதில்லை.

பந்தியில்

சீரகச் சம்பா பிரியாணிக்கும் சப்பாத்திக்கும் இது பொருந்தும். கறிக்குழம்புச் சோற்றோடு பக்கத்தில் ஒரு கரண்டி வைத்தால் காரம் தணியும். ரசத்தோடு மட்டும் ஒட்டாது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். இதில் மாவுச்சத்தும் உப்பும் கொழுப்பும் சேர்ந்தே இருப்பதால் அவர்கள் இலையில் ஒரு சின்னக் கரண்டி போதும். "எனக்கு மட்டும் ஏன்ப்பா கொஞ்சமா?" என்று மாமா கேட்டாலும் கரண்டியைப் பெரிதாக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. எந்தப் புதுப் பண்டத்தையும் முதன்முதலில் விசேஷ நாளில் செய்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு பானையும் ஒவ்வொரு மாதிரி சூடேறும், ஒவ்வொரு சந்தைக் கிழங்கும் ஒவ்வொரு மாதிரி வேகும். முந்தின ஞாயிற்றுக்கிழமை பாதி அளவில் வீட்டாருக்கு மட்டும் ஒருமுறை செய்யுங்கள். உங்கள் பானை ஹையில் எத்தனை நேரத்தில் வேகவைத்தது என்பதை இந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே பேனாவால் எழுதி வையுங்கள். விசேஷத்தன்று நான் கொடுத்த நேரத்தை விட்டுவிட்டு, நீங்கள் எழுதிய நேரத்தையே பின்பற்றுங்கள்.